கரிசல் காட்டுக்குக் கடலைக் கொண்டு வந்தவர்

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள ஊர். சுற்றிலும் கரிசல் பூமி. மழையை நம்பி வாழும் மக்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊர்களிலும் 1950-ம் ஆண்டுக்குப் பிறகு கடல் புகுந்தது. புயல் அடித்தது. பாய்மரம் தீப்பற்றி எரிந்தது. எல்லாம் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கங்களில்!

அந்தக் காலத்துக் கிராமங்களில் பத்திரிகை வந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்து அறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று தவிப்பார்கள். அந்தத் தவிப்பினாலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களும் உண்டு.

அந்தக் கதைதான் "பொன்னியின் செல்வன்". எழுதியவர் கல்கி. அவருடைய சொந்தப் பெயர் கிருஷ்ணமூர்த்தி.

படிப்பை விட்ட பையன்

கிருஷ்ணமூர்த்தி 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தார். ஊர், மாயவரம் அருகே உள்ள புத்தமங்கலம். தகப்பனார் ராமசாமி அய்யர் கிராமக் கணக்குப் பிள்ளை. வசதி இல்லாத குடும்பம்.

பையன் கெட்டிக்காரன். மாயவரத்திலும் பிறகு திருச்சியிலும் படித்தார். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. தேர்வு எழுதினால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும். குடும்பத்தின் கஷ்டம் தீரும்.

அந்தச் சமயத்தில், 1921-ம் ஆண்டு, காந்தியடிகள் ஒத்துழையாமைப் போருக்கு மாணவர்களை அழைத்தார். கிருஷ்ணமூர்த்தி புத்தகத்தை மூடினார். போராட்டத்தில் குதித்தார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பட்டம் இல்லை. பதவி இல்லை. கையில் இருந்தது பேனா ஒன்றுதான்.

பேனா காட்டிய வழி

சிறையில் இருந்து வந்தவர் திரு. வி. க. நடத்திய "நவசக்தி" பத்திரிகையில் 1923-ம் ஆண்டு சேர்ந்தார். நல்ல தமிழை அங்கே பழகினார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போனார். மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய "விமோசனம்" பத்திரிகைக்கு உதவினார். குடியினால் கெடும் குடும்பங்களின் கதையைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். அதுதான் அங்கே அவருக்கு வேலை. எளிய தமிழின் அருமை அங்கே அவருக்குத் தெரிந்தது.

பின்னர் வாசன் நடத்திய "ஆனந்த விகடன்" அவரை அழைத்துக்கொண்டது. விகடனைக் கையில் எடுத்ததும் கல்கியின் எழுத்தைத் தேடும் பழக்கம் வீடு தோறும் பரவியது.

1941-ம் ஆண்டு மீண்டும் சத்தியாக்கிரகம். அதில் சேர்வதற்காக விகடனை விட்டு விலகிச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து "கல்கி" என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குப் பணம் வேண்டுமே? சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி "சாவித்திரி" படத்தில் நாரதராக நடித்தார். அந்த வருமானம் பத்திரிகைக்கு முதலாயிற்று.

கனவு கண்ட அரசன்

புதுப் பத்திரிகையில் "பார்த்திபன் கனவு" வந்தது. பல்லவர் ஆட்சியில் சோழர்கள் உறையூரில் சிற்றரசர்களாக ஒடுங்கிக் கிடந்த காலம். பார்த்திபன் என்ற சோழ மன்னன் ஒரு கனவு காண்கிறான். புலிக்கொடி கடல் கடந்து பறக்க வேண்டும் என்பது கனவு. அதைச் சித்திரங்களாகத் தீட்டி, மகனுக்குக் காட்டிவிட்டுப் போர்க்களத்தில் மடிகிறான்.

சரித்திரத்தில் இந்தப் பார்த்திபன் இல்லை. அவன் கல்கியின் கற்பனை. ஆனால் அவன் கண்ட கனவு பிற்காலத்தில் நிஜமாயிற்று. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025-ம் ஆண்டு கப்பல் படை அனுப்பிக் கடாரத்தை வென்றான்.

அதே காலத்தில் உலகின் வடகோடியிலும் கடலோடிகள் இருந்தார்கள். நார்வே, டென்மார்க் நாடுகளின் வைக்கிங் வீரர்கள். அவர்கள் நீண்ட படகுகளில் ஏறி ஊர்களைக் கொள்ளை அடித்தார்கள். நாடுகளையும் பிடித்தார்கள். ராஜேந்திரன் தஞ்சையில் ஆண்ட நாளில் இங்கிலாந்தை ஆண்டவன் கனூட் என்ற டென்மார்க் இளவரசன். மேல்நாட்டார் இன்றும் அந்த வைக்கிங் வீரர்களை வைத்து நாவல்கள் எழுதுகிறார்கள். தேவதைகளைச் சேர்க்கிறார்கள். சரித்திரம் வேறு விதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கற்பனை செய்கிறார்கள். மக்கள் ஆசையோடு படிக்கிறார்கள்.

அந்த ஆசைக்குத் தமிழில் வழி திறந்தவர் கல்கி. அவருக்குப் பின் சாண்டில்யன் "கடல் புறா" எழுதி வாசகர்களைக் கடாரத்துக்கே கூட்டிப் போனார்.

எது நிஜம்? எது கற்பனை?

"பொன்னியின் செல்வன்" 1950-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. மூன்றரை ஆண்டுகள் வாரா வாரம் ஓடியது. மணியம் படம் வரைந்தார். எழுதுவதற்காகக் கல்கி சோழ நாட்டையும் இலங்கையையும் சுற்றினார். சரித்திர நூல்களைத் துருவிப் படித்தார்.

கோடிக்கரையில் இருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் ஏற்றிச் செல்கிறாள் பூங்குழலி. நடுக்கடலில் எரியும் கப்பலில் இருந்து வந்தியத்தேவனும் இளவரசர் அருள்மொழியும் தப்புகிறார்கள். படித்தவர்களுக்குப் பூங்குழலி பக்கத்து வீட்டுப் பெண் போல் ஆகிவிட்டாள்.

ஆனால் பூங்குழலி கற்பனை. நந்தினியும் கற்பனை. வந்தியத்தேவன் நிஜம். அவன் குந்தவைப் பிராட்டியின் கணவன் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. சிற்றப்பா முறையுள்ள உத்தம சோழருக்காக அருள்மொழி அரியணையை விட்டுக் கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுகிறது.

பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலிய துரோகிகளின் பெயர்கள் உள்ளன. கொலை நடந்த விதம் அதில் இல்லை. கல்கி நினைத்திருந்தால் ஒருவன் மேல் பழியைப் போட்டு முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கதையிலும் அதை மர்மமாகவே விட்டார்.

கதை முடிந்ததும் பலருக்குத் திருப்தி இல்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி வாசகர்களுக்குப் பதில் சொன்னார்.

தெற்குச் சீமையின் உறவு

தெற்குச் சீமையோடு கல்கிக்கு நெருங்கிய உறவு உண்டு. அவருக்கு உயிர் நண்பர் குற்றாலத்து ரசிகமணி டி. கே. சி. அவருடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோது முளைத்த எண்ணம்தான் பிற்பாடு "சிவகாமியின் சபதம்" ஆனது.

திருவேங்கடத்தில் இருந்து கோவில்பட்டியைத் தாண்டிப் போனால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். அங்கே மணிமண்டபம் கட்டக் கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945-ம் ஆண்டு அஸ்திவாரம் போட்டார்கள். 1947-ம் ஆண்டு ராஜாஜி திறந்து வைத்தார். கதை படித்த கைகள் கட்டிய மண்டபம் அது.

முடியாத கதை

1954-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி சென்னையில் காலமானார். வயது 55. அப்போது எழுதிக் கொண்டிருந்த "அமரதாரா" பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை முடித்தார். "அலை ஓசை" நாவலுக்கு 1956-ம் ஆண்டு சாகித்திய அக்காடமி பரிசு கிடைத்தது. அதை வாங்க அவர் இல்லை.

"பொன்னியின் செல்வன்" 2022, 2023-ம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகச் சினிமா ஆயிற்று. படம் பார்த்த பிள்ளைகள் நந்தினி நிஜமாக இருந்தாளா என்று வீட்டில் கேட்டார்கள்.

நல்ல கேள்வி அது. கேட்கும் பிள்ளையின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். படித்து முடித்ததும் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய்ப் பெரிய கோயில் சுவரில் உள்ள எழுத்துகளையும் காட்டுங்கள். கதை எது, சரித்திரம் எது என்று பிள்ளையே தெரிந்து கொள்ளும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் தமிழ்நாட்டுக்கு நடத்திய பாடம் அதுதான்.