ஈப்போவில் பிறந்த காங்கேசன்துறைப் பிரதிநிதி

காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர் இந்தத் தீவில் பிறந்தவர் அல்லர். சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தந்தை செல்வாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். நான் அந்த வரியிலேயே கொஞ்சம் நின்று அவருடைய வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறேன்.

அந்தக் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறுவது யாழ்ப்பாணத்தில் புதினமான விடயமல்ல. ஆங்கிலம் படித்தவர்களுக்கு அங்கே றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை இருந்தது. ஆசிரியராக இருந்த செல்வாவின் தகப்பனார் வேலுப்பிள்ளையும் அப்படிப் போய் அங்கே வியாபாரத்தில் இறங்கியவர். செல்வாவுக்கு நான்கு வயதானபோது, பிள்ளைகளின் படிப்புக்காகத் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு பரிதோமாவின் கல்லூரி என்று படிப்பு நீண்டது. லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். சில காலம் ஆசிரியராக இருந்து, சட்டம் படித்து, கொழும்பில் பெயர்பெற்ற அப்புக்காத்து ஆனார். 1947இல் காங்கேசன்துறையின் உறுப்பினராக முதலாவது நாடாளுமன்றத்துக்குப் போனார்.

போன அடுத்த வருடமே அவர் முன்னால் வந்தது இலங்கைக் குடியுரிமைச் சட்டம். 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் ஒருவரிடம் கேட்டது அவர் எங்கே பிறந்தார் என்பதை மட்டுமல்ல. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும், தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அப்பப்பாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்கும் வழி இருந்தது. தகப்பனும் அப்பப்பாவும் இலங்கையில் பிறந்திருந்தால் போதும். தாய்வழி கணக்கில் எடுக்கப்படவில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஈப்போவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ லயத்தில் பிறந்து, அந்த மலையை விட்டு வேறெங்கும் போயிராத தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அது இல்லாமற் போகலாம். இரண்டு குடும்பங்களையும் கடல் தாண்ட வைத்தது ஒரே பிரித்தானியப் பேரரசுதான். ஒரு குடும்பம் கந்தோருக்குப் போனது. மற்றது முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டது.

மலையகத்தில் செய்தி சேகரிக்கப் போன இடங்களில், உங்கள் முன்னோர் எந்த ஊர் என்று முதியவர்களிடம் கேட்டிருக்கிறேன். திருச்சிப் பக்கம், சேலம் பக்கம், இராமநாதபுரம் பக்கம் என்று சொல்வார்கள். குலதெய்வத்தின் பெயர் நினைவிருக்கும். கிராமத்தின் பெயர் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் செத்தவர்கள் ஏராளம். கங்காணியின் கணக்கில் கடன் ஒழுங்காகப் பதியப்பட்டது. பூட்டன் பிறந்த இடத்துக்கு எந்தப் பத்திரமும் இல்லை. இல்லாத பத்திரத்தைக் கொண்டுவா என்றுதான் சட்டம் கேட்டது.

சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர்களால் ஒருவரைக்கூட நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை.

செல்வா இந்தச் சட்டத்தை எதிர்த்தார். இன்று மலையகத் தமிழருக்கு நடப்பது நாளை வடக்கு, கிழக்குத் தமிழருக்கும் நடக்கும் என்பது அவருடைய எச்சரிக்கை. அவருடைய தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சரானபோது, கோப்பாய் உறுப்பினர் வன்னியசிங்கத்தோடும் செனற்றர் நாகநாதனோடும் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

காங்கேசன்துறை இதற்குத் தந்த பதில் என்ன? 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனைத் தெரிவுசெய்து செல்வாவைத் தோற்கடித்தது. சீமெந்துத் தொழிற்சாலை எழுந்திருந்த காலம் அது. குடியுரிமை மலைநாட்டாரின் பிரச்சினை என்று எம்மவர்களில் பலர் நினைத்தார்கள். இதை மறைத்துவிட்டு அவர் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. தனிச் சிங்களச் சட்டம் கதவைத் தட்டிய 1956இல்தான் தொகுதி அவரை மீண்டும் அழைத்தது. அதன் பிறகு கைவிடவில்லை.

1957இல் பண்டாரநாயக்காவோடு அவர் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை விடயம் விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவோடு நின்றது. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தமே கிழிக்கப்பட்டது. 1964இல் சிறிமாவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 மனிதரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பதாக முடிவு. அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்து, காதும் மந்தமாகியிருந்த செல்வா, குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து 1972 ஒக்டோபரில் பதவி துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை இழுபட்டது. 16,000க்கும் அதிகமான மேலதிக வாக்குகளால் வென்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26இல் மறைந்தார்.

அவர் மறைந்த சில மாதங்களில் நடந்த வன்செயலில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. கடைசி யுத்தத்தை நம்மோடு சேர்ந்து சுமந்தவர்கள் அவர்கள். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்துவிட்டது. ஆனால் அவர்களில் பலரிடம் இருக்கும் காணிக்கு இன்றும் உறுதி இல்லை.

1990 யூனில் காங்கேசன்துறையை விட்டு ஓடியவர்களில் என் குடும்பமும் ஒன்று. காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் றங்குப் பெட்டியோடு அங்கேயே போயின. பிறகு ஒவ்வொரு கந்தோரிலும், அந்த மண் எங்களுடையது என்பதற்குத் தாள் கேட்டார்கள். வலிகாமம் வடக்கின் எல்லாக் காணிகளும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். தாள் இல்லாதவனும் அந்த மண்ணுக்குரியவன்தான் என்ற எங்கள் வாதத்தை, இந்தத் தொகுதியின் உறுப்பினர் ஒருவர் 1948இல், தான் கண்டிராத லயத்து மனிதர்களுக்காக நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். வன்னியில் உறுதியில்லாமல் இருக்கும் அயலவருக்காக நாங்களும் அதை முன்வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.