நம்ம ஊர் தேனீக்கு வீடு கட்டிய நியூட்டன்

நியூட்டன்னு சொன்னதும் ஆப்பிள் ஞாபகம் வருதா? இவர் வேற நியூட்டன். திருவாதவூர்ப் பக்கம் ஏதாவது தோப்பில் மரப்பெட்டியைச் சுற்றித் தேனீக்கள் பறந்தால் விசாரித்துப் பாருங்கள். அது 'நியூட்டன் பெட்டி'யாக இருக்கலாம்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் அவர். அப்போதெல்லாம் தேன் எடுப்பது என்றால் புகை போட்டு, அடையை அறுத்து, பிழிவதுதான். முட்டை, புழு எல்லாம் சேர்ந்து நசுங்கும். மிச்சமிருக்கும் தேனீக்கள் இடத்தையே காலி செய்துவிடும். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் 1851-லேயே கழற்றி மாட்டும் சட்டங்களோடு பெட்டி செய்துவிட்டார். ஆனால், அது ஐரோப்பியத் தேனீக்கான அளவு. நம்ம அடுக்குத் தேனீ உருவத்தில் சின்னது, கூட்டமும் சின்னது. நாலு பேர் குடும்பத்துக்குக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விட்ட மாதிரி!

நியூட்டன் நம்ம தேனீயின் அளவுக்கே பெட்டி வடிவமைத்தார். கீழே புழு அறை, மேலே உயரம் குறைந்த தேன் அறை. மேல் சட்டத்தை மட்டும் உருவி, இயந்திரத்தில் சுற்றினால் தேன் வந்துவிடும். காலி அடையைத் திரும்ப மாட்டிடலாம். கீழே குஞ்சுகளுக்கு ஒண்ணும் ஆகாது. பூ இல்லாத மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்றவும் பெட்டிதான் வசதி.

1911 முதல் 1917 வரை கிராமத்து ஆட்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார். பெட்டி செய்தது பெரிசில்லை, அதைக் கல்லூரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளாததுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. நூறு வருஷம் தாண்டியும் தென்னிந்தியத் தோப்புகளில் அந்தப் பெட்டி புழக்கத்தில் இருக்கு, அவர் பேரோடவே.