கடலோதமும் அறிஞர் அல்பிரூனியும்

கரிசல் நிலத்துப் பிள்ளைகளுக்குக் கடல் அயலானது. கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வட்டாரங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பருத்தியை அறிவர்; கம்பையும் உளுந்தையும் அறிவர்; மழை பொய்த்த ஆண்டில் வெடித்துப் பிளக்கும் மண்ணையும் அறிவர். மணியாச்சிச் சந்திப்பில் கிளை பிரியும் இருப்புப்பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடித் தூத்துக்குடியில் கடலைத் தொட்டுவிடுகிறது என்பது உண்மையே. எனினும் அக்கரையில் நின்று நோக்குவார்க்கும் ஓதத்தின் ஏற்றவற்றம் எளிதில் புலனாவதில்லை. அங்கு நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதே இந்தியாவின் மேற்குக் கரையில், காம்பே வளைகுடாவின் உட்பகுதியில், பெருக்கு நாள்களில் அது 10 மீட்டரையும் கடந்து செல்லும். கடல்நீர் நாள்தோறும் ஏன் பொங்கி ஏன் வற்றுகிறது என்னும் வினா நம் மாணவர் உள்ளத்தில் தானே எழாமைக்கு நம் கரையின் அமைதியும் ஒரு காரணமாகலாம்.

பெருங்கடலில்லா நாட்டில் பிறந்து, இந்தியக் கடற்கரையை ஒருமுறையேனும் காணாதிருந்தும், அவ்வினாவுக்கெனத் தம் நூலில் ஓர் இயலையே ஒதுக்கிய பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி.

கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஹிஜ்ரி 362இன் இறுதியில், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரையடுத்துப் பிறந்தார். அந்நகர் இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்தது. பாரசீக மொழியில் பீரூன் என்பது வெளிப்புறத்தைக் குறிக்கும். நகரின் புறஞ்சேரியில் பிறந்தமையால் அப்பெயர் வழங்கிற்று என்பர். அரசகுடியில் தோன்றிய கணிதமேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 995இல் மூண்ட போரினால் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது, பின்னர் மீண்டார். 997இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் தாமும், பக்தாதில் அபுல் வஃபாவுமாக ஒரே வேளையில் நோக்கி, இரு நகர்களின் நேர வேற்றுமையிலிருந்து அவற்றின் தீர்க்கரேகை வேற்றுமையைக் கணித்தார். அப்போது அவருக்கு வயது 23. நிலவை ஒரு கடிகாரமாகக் கொண்டு நிலத்தை அளந்த அந்த இளைஞரே பின்னாளில் நிலவுக்கும் கடலுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினார்.

1017இல் மஹ்மூது குவாரிஸ்மை வென்றார். (நம் பள்ளிப் பாடநூல்கள் கஜினி முகமது என்று எழுதிவந்த மன்னர் இவரே; மஹ்மூது என்பதே சரியான பெயர்.) வென்ற மன்னர் அந்நாட்டு அறிஞரைத் தம் தலைநகருக்குக் கொண்டுசென்றார். அவர்களுள் அல்பிரூனியும் ஒருவர். அரண்மனை அறிஞர் என்று அவரைச் சொல்வதினும், வேண்டிய இடத்துக்குச் செல்லும் உரிமையற்ற ஒருவர் என்று சொல்வதே பொருந்தும் என்பது நம் கருத்து. அந்நிலையில் நாற்பத்தைந்தை நெருங்கிய அகவையில் அவர் வடமொழி கற்கத் தொடங்கினார். நூல்களைத் தேடிப் பொருள் செலவிட்டார், பண்டிதர்களை அணுகினார், பதஞ்சலியின் யோகநூலை அரபியில் பெயர்த்தார். பஞ்சாபின் நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழும் கோணத்தையும் அளந்து, அவ்விரண்டைக்கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்.

1030இல் முடிவுற்ற கிதாபுல் ஹிந்து எண்பது இயல்களைக் கொண்டது. அதன் 58ஆம் இயல் கடலோதத்தைப் பற்றியது. அவ்வியலை அவர் அமைத்துள்ள முறையை நம் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

முதலில் புராண விளக்கத்தைத் தருகிறார். கடலுக்குள் வடவைக் கனல் எரிகின்றது. அது மூச்சை இழுக்கும்போது ஓதம் எழும், வெளிவிடும்போது வற்றும் என்பது அவ்விளக்கம். தமிழிலக்கியம் பயில்வோர்க்கு வடவைத் தீ புதியதன்று. பாரசீகத்து மானி என்பாரும் இத்தகைய கருத்தையே கொண்டிருந்தார் என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார். இதனைக் கூறி நகைத்துவிட்டு நகர்ந்திருப்பாராயின் அவரைப் பற்றி எழுத நமக்கு ஒன்றுமில்லை. அடுத்த வரிகளிலேயே, இந்நாட்டுக் கற்றோர் நாள்தோறும் நிகழும் ஓதத்தை நிலவின் தோற்றத்தையும் மறைவையும் கொண்டும், திங்கள்தோறும் நிகழும் மாற்றத்தை அதன் வளர்தலையும் தேய்தலையும் கொண்டும் கணிக்கின்றனர் என்று பதிவு செய்கிறார். ஆயின் இயற்கைக் காரணம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் சொல்லத் தவறவில்லை. கதை வேறு, கண்டறிந்த ஒழுங்கு வேறு, காரணம் வேறு என மூன்றையும் அவர் பிரித்து வைத்தார்.

அதே இயலில்தான் சோமநாதபுரமும் வருகிறது. அக்கோயிலை 1025-26இல் அழித்தவர் அல்பிரூனியை ஆண்ட மன்னரே. அதனை அவர் மறைக்கவில்லை. ஹிஜ்ரி 416 என்று ஆண்டையும் குறிக்கிறார். சோமன் என்றால் திங்கள், நாதன் என்றால் தலைவன் என்று பெயர்ப்பொருள் கூறுகிறார். நிலவு எழும்போதும் மறையும்போதும் கடல் பெருகி அவ்விடத்தை மூடும். நிலவு உச்சியிலும் அதற்கு நேர் கீழும் வரும்போது நீர் வடியும். ஆகவே திங்கள் தன் தலைவனை நாளும் நீராட்டுவதாக மக்கள் கருதினர் என்று விளக்குகிறார். நாள்தோறும் கங்கைநீரும் காசுமீரத்து மலரும் அங்கு வந்தமையையும், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சீனத்துக்கும் இடையே செல்லும் கலங்கள் அங்குத் தங்கியமையையும் எழுதுகிறார். இடித்தவரின் ஆட்சியில் இருந்துகொண்டு, இடிக்கப்பட்டதன் பொருளை அதனை வழிபட்டோரின் சொற்கொண்டே விளக்கிய நேர்மை எளிதன்று. மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைப் பாழாக்கின என்றும், அதனால் இந்நாட்டார் நெஞ்சில் வெறுப்பு வேரூன்றிற்று என்றும் அவர் அந்நூலின் தொடக்கத்திலேயே எழுதியுள்ளார்.

அவர் குறிப்பிட்ட அந்தக் காரணம், உண்மையில், அக்காலத்தில் எந்நாட்டார்க்கும் முழுமையாக விளங்கியிருக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்க் நகரத்து அபூ மஃஷர் ஓதத்தை நிலவோடு இணைத்து விரிவாக எழுதினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் நெடுங்காலம் பயிலப்பட்டது. ஆனால் எவ்வாற்றான் நிலவு நீரை அசைக்கிறது என்பதற்கு விடையில்லை. கலிலியோவே 1632இல் நிலவின் பங்கை மறுத்துப் பூமியின் அசைவே காரணம் என வாதிட்டார். 1687இல் நியூட்டன் ஈர்ப்புவிதியைக் கொண்டு விளக்கம் தந்தார். நிலவின் ஈர்ப்பு அதனை நோக்கிய கடலில் மிகுந்தும், பூமியின் நடுவில் அதனினும் குறைந்தும், மறுபுறக் கடலில் இன்னும் குறைந்தும் இருக்கிறது. இவ்வேற்றுமையால் நீர் இருபுறமும் புடைக்கிறது. பூமி சுழல்வதால் பெரும்பாலான கரைகள் நாளில் இருமுறை ஏற்றம் காண்கின்றன. நிலவும் நகர்ந்துகொண்டிருப்பதால் அடுத்த நாள் ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. கதிரவனும் இழுக்கிறான், எனினும் தொலைவின் காரணமாக அவன் விளைக்கும் ஓதம் நிலவினதில் பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரு கோட்டில் சேர, ஓதம் மிகுகிறது. கரையின் வடிவும் கடலின் ஆழமும் ஏற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும் இடத்துக்கிடம் மாற்றுகின்றன. புனல் போலக் குறுகும் காம்பே வளைகுடா பொங்குவதும் தூத்துக்குடி அடங்கிக் கிடப்பதும் இதனால்தான்.

நூல் முடிந்த அதே 1030இல் மஹ்மூது மறைந்தார். அவர் மகன் மஸ்ஊதின் காலத்தில் அல்பிரூனிக்கு மதிப்பு கூடிற்று. அம்மன்னர் பெயரால் அமைந்த அல்கானூனுல் மஸ்ஊதி என்னும் வானியற் பெருநூலுக்காக ஒரு யானைச்சுமை வெள்ளி பரிசாக வந்ததென்றும், அதனை அவர் கருவூலத்துக்கே திருப்பிவிட்டார் என்றும் யாகூத் குறிக்கிறார். 1048ஆம் ஆண்டளவில் கஸ்னாவிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

இறுதி நாளைப் பற்றியும் யாகூத் ஒரு செய்தி தந்துள்ளார். மூச்சுத் திணறும் நிலையில் படுத்திருந்தவரைக் காணச் சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். முன்பொருநாள் அவர் பேசிய, தாய்வழிப் பாட்டியரின் பாகப்பிரிவினை பற்றிய கணக்கை விளக்குமாறு அல்பிரூனி கேட்டார். இந்நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாது போவதினும் அறிந்து போவது மேலன்றோ என்பது நோயாளியின் மறுமொழியாக இருந்தது. அவர் விளக்க, இவர் அதனை மனத்திற் பதித்துக்கொண்டார். விடைபெற்றுத் தெருவில் நடந்த அச்சட்ட அறிஞர், சிறிது தொலைவு செல்வதற்குள் அவ்வீட்டிலிருந்து அழுகுரல் எழுவதைக் கேட்டார்.