மா. கிருஷ்ணன்

மாதவையா கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) இந்தியாவின் குறிப்பிடத்தக்க இயற்கையியலாளர்களுள் ஒருவர் ஆவார். எழுத்தாளராகவும், கானுயிர் ஒளிப்படக் கலைஞராகவும், ஓவியராகவும் விளங்கினார். தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதினார். கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 தொடங்கி இறக்கும் வரை 46 ஆண்டுகள் இடைவிடாது பத்தி எழுதினார். யானைகளைப் பற்றிய இவருடைய எழுத்துகளும் படங்களும் பரவலாக அறியப்பட்டவை. வேடந்தாங்கல் ஏரியில் பருவந்தோறும் கூடும் நீர்ப்பறவைகளைப் பற்றி இவர் ஆராய்ந்தவை அந்த அளவிற்கு அறியப்படாதவை.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதியவர். தமிழின் தொடக்ககாலப் புதின ஆசிரியர்களுள் ஒருவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணனே கடைசி. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான மா. அனந்தநாராயணன் இவருடைய அண்ணன் ஆவார். 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய மாதவையா அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எப். பைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கியவர். அவர் மலைகளுக்குச் சென்ற களப்பயணங்களில் கிருஷ்ணனும் உடன் சென்றார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஒரு செடியையோ உயிரையோ வரையும் அளவுக்கு உற்றுப் பார்க்கும் பழக்கம் இப்பயணங்களில் உருவானது எனலாம். பின்னர் முதுகலைப் பட்டமும், 1936இல் சட்டப் பட்டமும் பெற்றார். எனினும் வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை.

சந்தூர்

நிலையான வேலை கிடைக்காமல் சிறு இதழ்களுக்கு எழுதியும் படம் வரைந்தும் வந்த கிருஷ்ணன், 1942இல் இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் உள்ள சந்தூர் என்னும் சிறு சமத்தானத்தில் பணிக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஆடு வளர்த்தும் பார்த்தார். சந்தூரைச் சூழ்ந்த காடுகளில் அலைவதற்கு நேரமும் கிடைத்தது. சமத்தானம் இந்தியாவுடன் இணைந்த பின் சென்னைக்குத் திரும்பிய அவர், அதன் பிறகு எந்த ஊதியப் பணியிலும் சேராமல் எழுத்தையும் ஒளிப்படத்தையுமே தொழிலாகக் கொண்டார்.

வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து தெற்கே தாம்பரம், மறைமலை நகர், செங்கல்பட்டு ஊர்களைக் கடந்து செல்லும் பெருஞ்சாலையில் படாளத்தில் மேற்கே திரும்பினால் வேடந்தாங்கலை அடையலாம். இங்குள்ள ஏரி பெரியது அன்று. பரப்பு சுமார் 30 எக்டேர் மட்டுமே. பாசனத்திற்காக வெட்டப்பட்ட சாதாரண ஊர் ஏரி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரி நிரம்பியதும், அதன் நடுவே உள்ள நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்கிவிடுகிறது. அப்போது பறவைகள் வரத் தொடங்குகின்றன. நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, கொக்கு வகைகள் ஆகியவை ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின், கோடை நெருங்கும்போது கூட்டம் கலைகிறது. நீர் வற்றிய ஏரியில் மாடுகள் மேய்கின்றன.

இப்பறவைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை என்று பலரும் நம்புகின்றனர். பள்ளிச் சுற்றுலாக்களிலும் அவ்வாறே சொல்லப்படுவதுண்டு. இது தவறு. மரங்களில் கூடு கட்டும் நாரை, நீர்க்காகம் முதலியன அனைத்தும் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள். மழைக்கும் நீருக்கும் ஏற்ப ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இடம்பெயர்பவை. மழை பொய்த்த ஆண்டுகளில் இவை வேடந்தாங்கலுக்கு வராமல் வேறு நீர்நிலைகளைத் தேடுகின்றன. இமயத்துக்கு அப்பால் நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து, உள்ளான் போன்றவை. அவை குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகின்றன, இங்கே முட்டையிடுவதில்லை.

இவ்வேரியின் பாதுகாப்பு அரசு ஆணையில் தொடங்கியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயப் படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டனர். அப்போது செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்தில் வழங்கினார். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்கு இதில் பயனும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாயிற்று. இந்தியாவின் கானுயிர்ச் சட்டங்கள் அனைத்திற்கும் மூத்தது இந்த ஊர்வழக்கம்.

கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதை மாநில வனத்துறை வெளியிட்டது. அதன் பின்னும் கூட்டுக் குடியேற்றங்களைப் பற்றிய அவரது ஆர்வம் குறையவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் 75ஆம் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, இந்திய நீர்ப்பறவைகள் ஏன் பெருங்கூட்டமாக ஓரிடத்தில் இனப்பெருக்கம் செய்கின்றன என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டது. உணவும், கூட்டமாக இருப்பதால் வரும் பாதுகாப்புமே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள். கூடு கட்டத் தகுந்த இடமும் கூட்டுக்கான பொருளும் கிடைப்பது இன்றியமையாத காரணிகள் என்பது கிருஷ்ணனின் முடிவு.

வேடந்தாங்கலில் ஒரு காலைப் பொழுது நின்று பார்ப்பவருக்கு இது விளங்கும். மீனும் நத்தையும் சுற்றிலும் உள்ள எத்தனையோ ஏரிகளிலும் வயல்களிலும் கிடைக்கின்றன. பறவைகள் இரை தேடி அங்குதான் பறந்து செல்கின்றன. ஆனால் நரியும் பூனையும் எளிதில் எட்ட முடியாதபடி நீருக்குள் நிற்கும் மரங்கள் எல்லா ஏரிகளிலும் இல்லை. சுள்ளியும் தழையும் அலகில் ஏந்தி ஓயாமல் வந்துசேரும் பறவைகளுக்கு இடையே, காவலில்லாத பக்கத்துக் கூட்டிலிருந்து குச்சியை உருவுவதும் நடக்கிறது. அருகிலுள்ள கரிக்கிலி ஏரியோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியும். கரிக்கிலியில் மரம் வேண்டாத வாத்துகளே மிகுதி.

கிருஷ்ணனின் ஆய்வுமுறை பழைய வகையைச் சேர்ந்தது. பறவைகளின் காலில் வளையமிட்டு வலசைப் பாதையை அறியும் பெரும் ஆய்வுகளை சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடிக்கரையிலும் பரத்பூரிலும் நடத்தியது. பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவ்வாய்வுகள் விடை தேடின. கிருஷ்ணன் வளையமிடவில்லை. வந்த பறவை ஏன் அந்த மரத்தைத் தேர்ந்தது என்பதைக் கரையிலிருந்து பார்த்து எழுதினார். சரணாலயங்களை நிருவகிப்போருக்கு இரண்டாவது கேள்வியே கூடுதலாகப் பயன்படுவது. ஏரியில் நீர் தேக்குவது மட்டும் போதாது, மரங்களும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பின்னாளில் வேடந்தாங்கல் ஏரிக்குள் கருவேல மரங்களும் வளர்க்கப்பட்டன.

பிற பணிகள்

கிருஷ்ணன் தம் பத்தியில் புலி, யானை போன்றவற்றுக்கு நிகராகக் காகம், அணில், பல்லி, ஆடு ஆகியவற்றுக்கும் இடம் தந்தார். தாமே வரைந்த கோட்டோவியங்களையும் சேர்த்தார். ஒளிப்படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பகுதிகளைக் கொண்டு தாமே பொருத்திய கனமான ஒளிப்படக் கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார்.

1968இல் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தென்னிந்தியப் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் கானுயிர் நிலையைப் பற்றிய நூலாக 1975இல் வெளிவந்தன. இந்தியக் கானுயிர் வாரியத்திலும் பணியாற்றினார். அயல்நாட்டு மரங்களை இந்திய மண்ணில் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். நாட்டின் மரமும் செடியும் விலங்கும் சேர்ந்ததே பாதுகாக்க வேண்டிய இயற்கை என்பது அவர் நிலைப்பாடு. பூக்களின் அழகுக்காகச் சாலையோரங்களில் வைக்கப்பட்ட மரங்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. இதில் அவர் சற்று மிகையாகவே போனார் என்று கருதுவோரும் உண்டு.

தமிழில் பறவைகளையும் விலங்குகளையும் பற்றிப் பல கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் தேர்ந்தவற்றை சு. தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் தொகுத்துள்ளார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்பது கிருஷ்ணன் எழுதிய துப்பறியும் புதினம். ஆங்கிலக் கட்டுரைகளின் தொகுப்பொன்றை வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2000இல் பதிப்பித்தார்.

இறுதிக்காலமும் பின்னரும்

இந்திய அரசு கிருஷ்ணனுக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1996 பெப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அதே நாளில் வெளிவந்தது.

1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. தொலைவு வரையிலான பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் இரை தேடும் வயல்களும் சிற்றேரிகளும் இதற்குள் அடங்கும். 2020இல் இவ்வெல்லையைக் குறைக்க எழுந்த முன்மொழிவுக்குச் சூழலியலாளர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.