குன்னூர் எலிகளும் நம் சோறும்

பெரம்பலூரில் என் உறவினர் ஒருவர் சர்க்கரை நோய்க்கு அஞ்சிச் சோற்றை அறவே விட்டுவிட்டார். அரியலூரில் வசிக்கும் அவர் தம்பியோ, உணவு ஆய்வு எதையும் நம்புவதற்கில்லை என்று மூன்று வேளையும் சோறே உண்கிறார். இவர்கள் வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் மெக்கரிசன் நினைவுக்கு வருகிறார்.

1878-இல் அயர்லாந்தில் பிறந்த அம்மருத்துவர் 1901-இல் இந்தியா வந்தார். கில்கிட்டில் கழலை நோயின் காரணத்தை அறிய, மாசடைந்த நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்த துணிச்சல்காரர். ஆனால் கிருமியே காரணம் என்று அவர் கொண்ட முடிவு நிலைக்கவில்லை. அயோடின் குறைபாடே முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியானது.

1918-இல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. குன்னூரில் அவர் எலிகளுக்குப் பல வட்டார உணவுகளை அளித்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன.

அரிசியைப் பழிப்போர் இதில் மகிழ ஒன்றுமில்லை. செழித்த எலிகளின் உணவுக்கும் தானியமே அடிப்படை. பாலும் காய்கறியும் சேர்ந்தே வேறுபட்டிருக்க, குற்றத்தை அரிசிமீது மட்டும் எவ்வாறு சுமத்துவது? அவை சர்க்கரை நோய்க்கான சோதனைகளும் அல்ல.

மெக்கரிசன் 1935-இல் ஓய்வு பெற்றார், 1960-இல் மறைந்தார். இதையெல்லாம் அண்மையில் பெரியவரிடம் விளக்கினேன். சோற்றோடு மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமலே நிறுத்திவிட்டதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.