ஸர் டோராப்ஜி டாட்டா

சென்ற விடுமுறையில் யாம் ஒகேனக்கல்லுக்குச் சென்றிருந்தோம். மைசூர் நாட்டினின்று இறங்கி வரும் காவிரி ஆண்டுப் பாறைகளினிடையே வீழ்ந்து புகையென நீர்த்திவலை எழுப்புகின்றது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோர் பலர் உளர். மூலிகைக் காடுகளினூடே வரும் அந்நீர் உடற்பிணியையும் மனச்சோர்வையும் ஒருங்கே போக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. நீராடி எழுந்த எமக்கும் அது மெய்யென்றே தோன்றிற்று! ஆயினும், தோன்றுதல் வேறு, ஆராய்ந்து தெளிதல் வேறு. ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். பயன் என்று கிட்டுமென அறியாமலே அப்பொருளை ஈவோரும் வேண்டும். அத்தகையோருள் ஒருவரே ஸர் டோராப்ஜி டாட்டா.

இவர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த புதல்வராய் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் பம்பாயிலும் பயின்றார். ஒருகால் தந்தையார் இவரை மைசூருக்கு அனுப்பி, அச்சமஸ்தானத்துக் கல்வித்துறையில் உயர்பதவி வகித்த ஹார்முஸ்ஜி பாபாவைக் கண்டு வருமாறு பணித்தார். சென்றவர் மனத்தைக் கவர்ந்தவர் பாபாவின் மகளார் மெஹர்பாய். 1898-இல் திருமணம் நிகழ்ந்தது. தந்தையார் 1904-இல் மறைந்தபின் இரும்பாலையை நிறுவி நடாத்திய வரலாறு பலரும் அறிந்ததாகலின் ஈண்டு விரித்திலோம். ஒன்று மட்டும் கூறுதும். 1924-இல் ஆலை நிலைகுலைந்தபோது, தம் செல்வத்தோடு மனைவியாரின் நகைகளையும் இவர் ஈடு வைத்தார். அவற்றுள் ஒன்று 245 காரட் எடையுள்ள ஜூபிலி வைரம்; கோஹினூரினும் இருமடங்கிற்கு மேற்பட்டது. ஆலை பிழைத்தது.

மெஹர்பாய் பிழைத்திலர். இரத்தத்தின் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் புற்றுநோய் அவரைப் பற்றியது. அந்நாளில் அதனைத் தீர்க்கும் மருந்து யாண்டும் இல்லை. 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேல்ஸ் நாட்டில் அவர் உயிர் நீத்தார். மக்கட்பேறற்ற முதியவர் தனித்து நின்றார்.

சலவைக்கல்லில் மண்டபம் எழுப்ப அவரால் இயன்றிருக்கும். அவரோ 1932-இல் மனைவியார் பெயரால் ஓர் அறநிதி நிறுவி, அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கை அந்நோயின் ஆராய்ச்சிக்கென எந்நாட்டு அறிஞர்க்கும் வழங்குமாறு விதித்தார். எஞ்சியதே இந்தியாவிற்கு. நம் நாட்டுப் பொருள் பிறநாட்டார்க்கு ஏன் என வினவுவோர் உளர். நோயின் காரணத்தை எவர் கண்டாலும் பயன் நோயாளிக்கன்றோ? தம் எஞ்சிய செல்வத்தையும் அவர் மற்றோர் அறநிலையத்திற்கு எழுதிவைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதமே, மனைவியாரின் கல்லறையைக் காணச் செல்லும் வழியில், ஜெர்மனியில் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

ஜூபிலி வைரமும் விலைபோய் அறநிதியாயிற்று. அந்நிலையத்தின் பொருளால் 1936-இல் பம்பாயில் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது; அதன் முதல் தலைவர் கிளிப்போர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மிஷனரி. மறு ஆண்டே அக்கல்லூரி, மனக்குழப்பமுற்ற சிறார்க்கென நம் நாட்டில் முதன்முதலாக ஒரு மருத்துவ விடுதியைத் திறந்தது. 1941-இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மெஹர்பாயைக் கொன்ற நோயின் இனத்தில் சிறார்க்கு வரும் வகையொன்றுண்டு. தக்க சிகிச்சை பெறும் அச்சிறாருள் மிகப் பலர் இன்று பிழைத்துப் பள்ளிக்குச் செல்கின்றனர்.