பிறந்த இடத்தை மறவாத மருத்துவர்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் யாருடைய வரலாற்றை எழுதுவது என்று எண்ணியபோது, அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார், தமிழ் மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஆகியோரின் பெயர்களே முதலில் நம் நெஞ்சில் எழுந்தன. அவர்தம் வரலாறுகளை நம் இளைஞர்கள் அறிவர். ஆகவே, நம் சமூகத்தில் பிறவாதவராயினும், பிறப்பின் பெயரால் வரும் இழிவை இளமையிலேயே அறிந்த ஒருவரின் வாழ்வை இங்கு முன்வைக்க விழைகிறோம். அவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். மணிமங்கலத்திலும் சுற்றூர்களிலும் மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பித்த தாய்மார் அனைவரும் அவர் பெயரை அறிவர். அப்பெயருக்குரியவரின் வாழ்வை அறிந்தவர் சிலரே.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு ஆட்பட்டிருந்த குலத்தில் தோன்றியவர். தந்தை வழியில் உயர்வும் தாய் வழியில் இழிவும் ஒரே குழந்தையின் தலைமீது சுமத்தப்பட்டன. பெண்ணுக்கு எழுத்தறிவே மிகை என்று கருதப்பட்ட காலம் அது. பருவமெய்திய பின் பள்ளி செல்ல வழியில்லாமல், அவர் வீட்டிலிருந்தே படித்து 1902 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அதன்பின் ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி உடன் அமர்ந்தால் தம் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்றார் சிலர். அவருடைய தாய்வழிக் குலத்தைச் சுட்டினர் வேறு சிலர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். அக்கல்லூரியில் அம்மையார் ஒருவரே பெண். வகுப்பில் தனியே ஒதுக்கி அமர்த்தப்படுவதன் வலி எத்தகையது என்பதை நம் முன்னோரிடம் கேட்டறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1907 இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1835 இல் தோன்றிய அக்கல்விக்கூடம் 1875 இலேயே பெண்களை ஏற்கத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் 1885 இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரியது என்பதை அம்மருத்துவமனை தன் பெயரிலேயே தாங்கி நின்றது. இன்று அது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக எல்லாருக்கும் பணி செய்கிறது. ஆயினும் அப்பழைய பெயரைப் படிக்கும்போது, அதில் இடம்பெறாதவர் யாவர் என்பதை எவரும் சொல்லாமலே நாம் உணர்கிறோம். நோய்க்குச் சாதியில்லை, ஆனால் நோய் தீர்க்கும் இடத்தின் வாயிலில் சாதி நின்றது.

இத்தகைய சூழலில் பயின்று, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912 இல் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். செல்வர் வீடுகளுக்கு மருத்துவம் பார்த்துப் பொருள் ஈட்டி, நிம்மதியாக வாழ்ந்திருக்க அவருக்கு எத்தடையும் இல்லை. தாயின் குலத்தைப் பற்றி அவரிடம் கேட்கப் போகிறவர் யார்? பட்டமும் பதவியும் பிறந்த இடத்தை மறைக்கும் நல்ல போர்வைகள் அல்லவா? அப்போர்வையை அவர் போர்த்திக்கொள்ளவில்லை. அவரை நாம் போற்றுவது முதன்மையாக இதற்காகவே.

1926 இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் அவர் கையிலெடுத்த முதன்மையான பணிகளுள் ஒன்று பொட்டுக்கட்டும் வழக்கத்தின் ஒழிப்பு. இங்கும் அவர் மருத்துவராகவே சிந்தித்தார் எனலாம். நோயின் குறியை விடுத்து வேரைத் தேடினார். குடும்பத்தில் ஒரு பெண் கோயிற்பணிக்கு விடப்பட்டால்தான் இனாம் நிலத்தை அனுபவிக்கலாம் என்ற கட்டு இருந்தது. நிலம் போய்விடும் என்ற அச்சமே தாயைத் தன் மகளைக் கொடுக்க வைத்தது. 1929 இல் நிறைவேறிய திருத்தம், அப்பணியிலிருந்து நிலத்தை விடுவித்தது. முழுத் தடைச்சட்டம் 1947 இல்தான் வந்தது. அதே குலத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று இக்கொடுமையை எதிர்த்து உழைத்ததையும் இங்கு நன்றியுடன் நினைக்கிறோம்.

சட்டம் இயற்றியதோடு அவர் பணி முடியவில்லை. அவ்வாழ்வினின்று தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சாதிக்கொன்றாக நடந்த விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார் அம்மையார். 1930-31 ஆம் ஆண்டுகளில் ஔவை இல்லம் தோன்றியது இவ்வாறே. சாதி கேளாது பெண்களை ஏற்று, உணவளித்துக் கல்வியும் அளித்தது அவ்வில்லம்.

அவர் நெஞ்சில் மற்றொரு வடுவும் இருந்தது. தங்கை சுந்தராம்பாள் 1923 இல் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராயிருந்தும் காப்பாற்ற இயலாத துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1925 இல் இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்றபோது, அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையின் செயல்முறைகளையும் கண்டறிந்தார். 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், ஒரு புற்றுநோய் மருத்துவமனை காணும் தம் விருப்பத்தை வெளியிட்டார். அது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1952 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவர் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதனை நாடறிந்த நிலையமாக வளர்த்தனர். வறியவர் கையில் காசில்லை என்பதற்காகத் திருப்பியனுப்பப்படலாகாது என்பதே அதன் அடித்தளக் கொள்கை. அம்மையார் 1956 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22 ஆம் நாள் மறைந்தார்.

நம் ஊர் இளைஞர்களே! ஒரு காலத்தில் பல்லவரும் சாளுக்கியரும் பொருத களமாகிய இம்மணிமங்கலத்தைச் சூழ்ந்து, இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நம் பிள்ளைகள் பலர் ஷிப்டு வண்டியேறி அங்குச் செல்கின்றனர். இரைச்சலால் மந்தமாகும் செவியும், இரவுப் பணியால் கெடும் உறக்கமும், நாள்தோறும் நின்றே உழைத்து நோகும் காலும் அவர்களுக்கு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் விடுப்பெடுத்தால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகிறான். அவன் வீட்டையும் வேலையையும் அறிந்த ஒரு மருத்துவர் அமைந்தால், அவன் சொல்லாததையும் கேட்டறிவார் அல்லவா?

அப்படிப் படிப்பதற்குரிய வாயில்கள் எளிதில் திறந்தவை அல்ல. 1951 இல் உச்சநீதிமன்றம் வரை சென்று சென்னை மாகாண இடஒதுக்கீட்டு ஆணையை வீழ்த்திய செண்பகம் துரைராசன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதே. அதன் விளைவாகவே அரசமைப்புச் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டது. தமிழகத்தில் பட்டியல் சாதியினர்க்குரிய 18 விழுக்காட்டு இடங்களும், 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்க்கென வகுக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு இடங்களும் நம் உரிமைகள். அவற்றைப் பெறுவதற்கு நாணவும் வேண்டா. பெற்றபின் மறைக்கவும் வேண்டா.

நாளை நம் தெருவிலிருந்து ஒரு மருத்துவர் தோன்றுவார். நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்கும்போது அவருடைய ஊரையும் தெருவையும் துருவிக் கேட்பார்கள். அந்நேரத்தில் போர்வையைத் தேட அவர் மனம் ஆசைப்படலாம், அதில் வியப்பில்லை. அப்போது முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வை அவர் நினைத்துப் பார்க்கட்டும். பின்னர் ஒரு மாலைப்பொழுதாவது இவ்வூருக்குத் திரும்பி வந்து, ஷிப்டு முடிந்து வரும் ஒருவனின் நாடியைப் பிடித்துப் பார்க்கட்டும். இருபத்தைந்து ஆண்டுகள் நாம் பாடுபட்டது அந்த மாலைப்பொழுதுக்காகத்தான்.